பட்டுப்புடவையில் ஒரு வால்ட்ஸ்... எந்தக் கப்பலில் ஏறலாம்?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குப் பள்ளிகொண்டா என்றால் சுங்கச்சாவடி. பக்தர்களுக்கு உத்திர ரங்கநாதர் கோயில். பாற்கடலில் பாம்பணை மேல் துயிலும் பெருமாளை வைத்தே ஊருக்குப் பெயர் வந்துவிட்டது. ஆனால், ஊருக்குப் பக்கத்தில் இருப்பது பாலாறு மட்டும்தான். அதிலும் வருடத்தில் பல மாதம் மணல்தான் தெரியும். நிஜக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 160 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும்.

ஆனால், இந்த ஊர் வழியாகத் தினமும் கடலுக்குப் போகிறவை உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைத்த ஷூக்கள் கன்டெய்னர் லாரிகளில் ஏறி, பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி, துறைமுகத்துக்குப் போய், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறுகின்றன. கோட்டும் டையும் போட்டு விருந்துக்குப் போகும் யாரோ ஒருவரின் காலில், இந்த மண்ணின் கைவேலை இருக்கக்கூடும்.

ஷூக்கள் போகிற இடத்துக்கு, அதைச் செய்தவர்கள் போகக் கூடாதா?

இந்தத் தோல் பட்டறை வட்டாரத்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் ஷூ கம்பெனியில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியை. அறுபதாம் கல்யாணம் நெருங்குகிறது. "கோயில்ல ஹோமம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரு கப்பல் டூர் போயிட்டு வாங்கப்பா" என்கிறான் பெங்களூரில் வேலை செய்யும் மகன். அம்மாவுக்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு. பழைய ஆங்கிலப் படத்தில் பார்த்த மாதிரி, மாலையில் அழகாக உடுத்திக்கொண்டு, இசைக்குழு வாசிக்க, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். "ஒரே ஒரு தடவைங்க..."

அவருக்கோ பயம். "நமக்கு எதுக்கு இதெல்லாம்? ஒண்ணும் தெரியாம போய் நின்னா மானம் கப்பலேறிடும்!"

ஆசையும் நியாயம், பயமும் நியாயம். சேமிப்பிலிருந்து லட்சக்கணக்கில் எடுத்துச் செலவழிக்கும் பயணம் இது. பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் அமையும். தப்பான கப்பலில் ஏறிவிட்டால், நீச்சல் குளத்துப் பக்கத்தில் டி.ஜே. பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சரியான கப்பலைப் பிடித்துவிட்டால், அந்த அம்மாவின் ஆசை நிறைவேறும். மானமும் பத்திரமாகக் கரையிலேயே இருக்கும்.

இதற்கு ஒரே சூத்திரம்தான். கப்பலின் நீளத்தையும் அடுக்குகளையும் பார்க்காதீர்கள். அதன் ஆடுதளத்தையும் மாலை நேர நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள்.

இங்கேயும் ஆடியிருக்கிறார்கள்!

ஜோடியாகக் கைகோத்து ஆடும் பால்ரூம் நடனம் ஏதோ நமக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். பள்ளிகொண்டாவிலிருந்து மேற்கே ரயில் பாதையோடு போனால் ஜோலார்பேட்டை சந்திப்பு. அங்கேயும், கிழக்கே அரக்கோணம், பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பங்கள் நிறைய வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்ஜின் டிரைவர்களும் கார்டுகளும் குடும்பத்தோடு கூடும் 'ரயில்வே இன்ஸ்டிடியூட்'களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வந்தால் நடன இரவுதான். இன்னும் கொஞ்சம் மேற்கே, எல்லை தாண்டினால் கோலார் தங்கவயல். அங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பிலும் இதே வால்ட்ஸ், இதே ஃபாக்ஸ்ட்ராட். சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். அவர்கள் அந்த இசையைத் தூரத்திலிருந்துதான் கேட்டிருப்பார்கள்.

கப்பலும் அப்படித்தான். தமிழர்களுக்குக் கப்பல் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா', பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' ஆகிய கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுபோயின. ஆனால், அது பிழைப்புக்கான பயணம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி போனவர்களே அதிகம். உல்லாசத்துக்காகக் கப்பல் ஏறுவது நம் குடும்பங்களுக்கு இப்போதுதான் வாய்க்கத் தொடங்கியிருக்கிறது.

எல்லாக் கப்பலும் ஒரே கப்பல் அல்ல

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டிலியா' நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல் இது. அடுத்த வருடம், 2023 ஜூனில், 17.21 கோடி ரூபாயில் அமைந்த சர்வதேச சொகுசுக் கப்பல் முனையம் சென்னையில் திறக்கப்பட்டது. அங்கிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணம் தொடங்கியது. மேற்குக் கடற்கரையில் பருவமழை கொட்டும் மாதங்கள்தான் இந்தச் சென்னைப் பயணங்களுக்கான சீசன்.

குழந்தை குட்டிகளோடு இரண்டு, மூன்று நாள் போய்வர இது நல்ல தேர்வு. சைவச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கடல் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் ஏற்றது. ஆனால், மேடை நிகழ்ச்சி, பாலிவுட் பாட்டு, கொண்டாட்டம் என்பதுதான் இதன் பாணி. வால்ட்ஸ் ஆசையோடு ஏறுகிறவர்களுக்கான கப்பல் அல்ல.

அடுத்து சிங்கப்பூர். அங்கிருந்து மலேசியா, தாய்லாந்து பக்கம் மூன்று, நான்கு இரவுகள் போய்வரும் பெரிய கப்பல்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையவே போகிறார்கள். நீர்ச்சறுக்கு, சூதாட்ட விடுதி, மேடை நாடகம், ஷாப்பிங் என்று மிதக்கும் நகரங்கள் அவை. 'ராயல் கரீபியன்' போன்ற நிறுவனங்கள் பயணத்தில் ஓரிரு இரவை 'ஃபார்மல்' இரவாக வைப்பதுண்டு. அன்று கோட் சூட்டில் நாலு பேர், டி-ஷர்ட்டில் நாப்பது பேர் என்று கலவையாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

மூன்றாவது வகை, உடைக் கட்டுப்பாடே வேண்டாம் என்று விளம்பரம் செய்பவை. 'நார்வீஜியன் குரூஸ் லைன்' இதையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. 'வெர்ஜின் வாயேஜஸ்' நிறுவனமும் அந்த வழிதான். ஜாலியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு இவை சொர்க்கம். நம் ஆசிரியை அம்மாவுக்கு ஏமாற்றம்.

நான்காவது வகைதான் நாம் தேடுவது. மாலை உடுப்பையும் நடனத்தையும் இன்னும் விடாமல் காத்துவருவதில் முதலில் வருவது பிரிட்டனின் 'குனார்டு'. 1840-லிருந்து அட்லான்டிக் கடலில் கப்பல் விடும் நிறுவனம். இப்போது 'குயின் மேரி 2', 'குயின் விக்டோரியா', 'குயின் எலிசபெத்', 2024-ல் சேர்ந்த 'குயின் ஆன்' என நான்கு கப்பல்கள் வைத்திருக்கிறது. 'குயின்ஸ் ரூம்' என்ற பெயரில் பால்ரூம் என்பது இந்தக் கப்பல்களின் பாரம்பரியம். 2004-ல் முதல் பயணம் போன 'குயின் மேரி 2'-ல் உள்ள குயின்ஸ் ரூமைக் கடலில் ஓடும் பால்ரூம்களிலேயே மிகப் பெரியது என்று நிறுவனம் பெருமையாகச் சொல்கிறது. சரவிளக்கு, மரத்தாலான ஆடுதளம், நேரடியாக வாசிக்கும் இசைக்குழு, பகலில் நடன வகுப்பு எல்லாம் அங்கே உண்டு. ஒரு வாரப் பயணத்தில் பொதுவாக இரண்டு 'காலா' இரவுகள் இருக்கும். ஒன்றில் கறுப்பு வெள்ளை உடை, இன்னொன்றில் முகமூடி என்று ஒரு விஷயத்தை மையமாக வைப்பார்கள். 'பி அண்ட் ஓ' போன்ற மற்ற பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அளவு மட்டும் கப்பலுக்குக் கப்பல் மாறும்.

முன்பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

டிராவல் ஏஜென்ட் காட்டும் வண்ணப் படங்களில் எல்லாக் கப்பலும் அரண்மனை மாதிரிதான் தெரியும். இந்த ஐந்தையும் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

1. நடனத்துக்கென்றே தனித் தளம் இருக்கிறதா?
மரத்தளமா, பளிங்கா, கம்பளத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரமா? கம்பளத்தில் கால் வழுக்காது, முழங்கால் திருகிக்கொள்ளும். மதுக்கூடத்தின் மூலையில் எட்டடிக்கு எட்டடி இடம் விட்டிருந்தால் அது பால்ரூம் இல்லை.

2. யார் வாசிக்கிறார்கள், எவ்வளவு நேரம்?
நேரடி இசைக்குழு என்றால் ஒவ்வோர் இரவுமா, காலா இரவில் மட்டுமா? சில கப்பல்களில் மேடை நிகழ்ச்சி தொடங்கும்வரை அரை மணி நேரம் வாசித்துவிட்டு மூட்டை கட்டிவிடுவார்கள்.

3. நடன வகுப்பு உண்டா?
கடலில் முழு நாளும் கழியும் தினங்களில்தான் வகுப்பு நடக்கும். தினம் ஒரு துறைமுகம் என்று ஓடும் பயணத்தில் ஊர் சுற்றிக் களைத்து, இரவு ஆடத் தெம்பு இருக்காது. நடனத்துக்காகப் போகிறவர்கள் கடல் நாள் அதிகமுள்ள பயணத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும் ஏழு இரவுப் பயணத்தை நடனப் பிரியர்கள் விரும்புவதற்குக் காரணமே, நடுவில் கரையே கிடையாது என்பதுதான்.

4. ஃபார்மல் இரவுகள் எத்தனை? உடுத்த விருப்பமில்லை என்றால் எங்கே சாப்பிடுவது?
குனார்டில் அந்த இரவுகளில் எளிய உடையில் இருப்பவர்களுக்கு பஃபே உள்ளிட்ட சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். பால்ரூமுக்குள் வர வேண்டுமென்றால் உடுத்தியே ஆக வேண்டும். அந்தக் கண்டிப்புதான் அங்கே மாலையை மாலையாக வைத்திருக்கிறது.

5. சாப்பாட்டுப் பந்தி எத்தனை மணிக்கு?
முன்பந்தி, பின்பந்தி என்று இரண்டு வைக்கும் கப்பல்களில் முன்பந்தி வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த உடனே சுழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சைவம், ஹலால் என்று எது வேண்டுமானாலும் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் சமையலறைக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

துணையில்லாமல் தனியாகப் போகும் பெண்களுக்கும் ஒரு செய்தி. குனார்டு போன்ற சில கப்பல்களில் 'டான்ஸ் ஹோஸ்ட்' என்று நடனம் தெரிந்த ஆண்களை நியமிக்கிறார்கள். தனியாக வந்தவர்களோடு மரியாதையாக ஆடுவதுதான் அவர்கள் வேலை. ஒருவரோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கணவரை இழந்தவர்கள்கூட யார் தயவும் இல்லாமல் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு வந்து உட்காரலாம்.

வேட்டிக்கு இடம் உண்டா?

'ஃபார்மல்' என்றதும் நம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்குவதே உடைதான். இதில் நமக்குக் கசப்பான அனுபவமும் உண்டு. 2014 ஜூலையில், வேட்டி கட்டிப் போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு கிளப் உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொந்தளித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியைக் காரணம் காட்டி கிளப் போன்ற இடங்களில் அனுமதி மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது.

அந்தச் சட்டம் நடுக்கடலுக்குச் செல்லாது. ஆனால், செல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மிகக் கண்டிப்பான குனார்டின் விதியிலேயே, காலா இரவுகளில் டக்ஸீடோ, டை கட்டிய கருநிற சூட், நீண்ட கவுன் ஆகியவற்றோடு, அவரவர் நாட்டு முறைப்படியான விழா உடையும் ஏற்கப்படுகிறது. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் அணிந்து வருகிறார். நாம் கழுத்து மூடிய பந்த்கலா கோட் அணியலாம், ஷெர்வானி அணியலாம். அம்மா பட்டுப்புடவையில் போனால், அந்த மண்டபத்தில் அவரைவிட அழகாக உடுத்தியவர் இருக்க மாட்டார்.

வேட்டி என்றால் முன்கூட்டியே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விருந்து மேஜைக்குப் பட்டுவேட்டி கம்பீரம்தான். ஆனால், வால்ட்ஸில் ஆண் முன்னே எடுத்து வைக்கும் அகலமான அடிக்கு அது தடுக்கும். ஆடும் இரவுக்குப் பந்த்கலாவே வசதி.

புடவைக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த நடனத்தில் பெண் பெரும்பாலும் பின்னோக்கி அடி வைக்கிறார். புடவை தரையைத் தொட்டால் தன் குதிகாலே தன் புடவையை மிதிக்கும். கணுக்கால் தெரியும் அளவுக்கு ஓர் அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். முந்தானையை மடித்துத் தோளிலும் இடுப்பிலும் ஊசி குத்திவிடுங்கள். ஜரிகை கனக்கும் காஞ்சிப் பட்டைவிட, பக்கத்து ஆரணியில் நெய்யும் லேசான பட்டு ஆடுவதற்குச் சுகம்.

ஷூ விஷயத்தில் நாமே ராஜா

பால்ரூம் நடனத்தில் பாதி வித்தை காலணியில் இருக்கிறது. இங்கேதான் நம் கற்பனைக் குடும்பத்தலைவர் நிமிர்ந்து உட்கார்கிறார். இது அவர் தொழிலாயிற்றே!

ரப்பர் சோல் ஷூ போட்டு ஆடக் கூடாது. அது தரையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். முழுக்க வழவழப்பான தோல் சோல் என்றால் மெழுகு போட்ட தரையில் சறுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சுவேட் சோல். தோலை மெஷினில் இரண்டாகச் சீவும்போது மேல்பக்கம் வழவழப்பான 'கிரெய்ன்'; அடிப்பக்கம் 'ஸ்ப்ளிட்'. அந்த ஸ்ப்ளிட்டைச் சொரசொரப்பாகத் தேய்த்து எடுத்தால் சுவேட். வேண்டிய அளவு வழுக்கும், வேண்டிய இடத்தில் நிற்கும். உலகம் முழுக்க நடனக்காரர்கள் காலில் இருப்பது இதுதான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதியில் தோலுக்கா பஞ்சம்? காலுக்குப் பழகிய, நன்றாகப் பிடிக்கும் கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ ஒன்றை எடுத்து, விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து, அடியில் மெல்லிய சுவேட் ஒட்டச் சொன்னால் நடன ஷூ தயார். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் லேஸ் கட்டும் பகுதி மூடித் தைத்திருக்கும். மாலை உடைக்கு அதுவே பொருத்தம். பெண்களுக்குக் கணுக்காலில் பட்டி போட்ட, அகலமான, தாழ்ந்த குதிகால் செருப்பு போதும். ஊசிக் குதிகால் வேண்டவே வேண்டாம். ஆடும் கப்பலில் ஆடும் கால் அது.

இரண்டு எச்சரிக்கை: சுவேட் சோலைத் தெருவில் போட்டு நடக்கக் கூடாது, ஈரம் பட்டால் போச்சு. அழுக்குப் படிந்து வழுக்க ஆரம்பித்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். புது ஷூவைக் கப்பலில் முதல் தடவை போடவே கூடாது. வீட்டில் ஒரு மாதமாவது போட்டுப் பழக்குங்கள்.

தகிட... தகிட...

"ஷூ சரி, அடி?" என்றால், அதுவும் நமக்குப் புதிதல்ல. வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கை. தகிட, தகிட. நம் திஸ்ர நடை! ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா எல்லாம் நான்கு எண்ணிக்கை. தகதிமி, தகதிமி. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்குக் காது ஏற்கெனவே தயார். கால்தான் பழக வேண்டும்.

வால்ட்ஸின் முதல் பாடம் தரையில் ஒரு பெட்டி வரைவது. ஆண் இடது காலை முன்னே வைக்கிறார், வலது காலைப் பக்கவாட்டில் வைக்கிறார், இடது காலைக் கொண்டுவந்து சேர்க்கிறார். ஒரு தகிட. பிறகு வலது கால் பின்னே, இடது கால் பக்கவாட்டில், வலது கால் சேர்ப்பு. இரண்டாவது தகிட. பெட்டி முடிந்தது. பெண் இதையே கண்ணாடி பிம்பம் மாதிரி எதிர்ப்பக்கம் செய்கிறார். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டால் வீட்டுக் கூடமே போதும்.

மண்டபத்தில் இரண்டே விதிகள். எல்லா ஜோடியும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றி நகர்வார்கள். நாம் பிரகாரம் சுற்றுவதற்கு நேர் எதிர். வேகம் வராதவர்கள் நடுப்பக்கம் ஒதுங்கி, இருக்கும் இடத்திலேயே பெட்டி போட்டுக்கொண்டிருக்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அடி தப்பினால் சிரித்துவிட்டு, அடுத்த 'த'வில் தொடங்கினால் போதும். பகல் வகுப்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் நம்மைப் போலப் புதியவர்கள்தான்.

கணக்கும் காகிதமும்

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு நபருக்கானது. அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால். அதற்கு மேல் துறைமுக வரி, தினசரி டிப்ஸ், இன்டர்நெட், குளிர்பானம், கரையில் ஊர்சுற்றும் செலவு, விமானக் கட்டணம், கப்பல் ஏறும் ஊரில் ஓர் இரவு ஹோட்டல் எல்லாம் சேரும். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 'டி.சி.எஸ்.' என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியது, ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

விசாவுக்கு நேரம் கொடுங்கள். சௌதாம்ப்டன் - நியூயார்க் பயணத்துக்குப் பிரிட்டன் விசாவும் வேண்டும், அமெரிக்க விசாவும் வேண்டும். மத்திய தரைக்கடல் பக்கம் என்றால் ஷெங்கன் விசா. கப்பல் இடையில் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பினால் பலமுறை நுழையும் அனுமதி அவசியம். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்குகிறவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குனார்டு கப்பல்கள் வருடத் தொடக்க மாதங்களில் உலகப் பயணம் போகும்போது வழக்கமாக ஆசியத் துறைமுகங்களைத் தொடும். முழுப் பயணம் வாங்க வேண்டியதில்லை, ஒரு பகுதியை மட்டும் வாங்கலாம். விமானச் செலவு குறையும்.

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால், கட்டணம் கப்பல் கட்டணம்தான்! பயணக் காப்பீடு இல்லாமல் ஏறவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்குச் சேர்த்து, சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ் அடுக்கில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனியில் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தில் இன்னும் நல்ல பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆடப் போகிறவர்கள் அறையில் எவ்வளவு நேரம் இருக்கப் போகிறார்கள்?

கடைசியில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நம் குடும்பத்துக்கு வருவோம். எடுத்த எடுப்பில் பெரிய கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் இரண்டு சோதனை.

ஒன்று, கடல் ஒத்துக்கொள்கிறதா? சென்னை சீசனில் இரண்டு இரவுப் பயணம் ஒன்று போய்வந்தால் தெரிந்துவிடும். தலைசுற்றி இரண்டு நாளும் படுத்தே கிடந்தால், லட்சங்கள் மிச்சம்.

இரண்டு, முழங்கால் ஒத்துக்கொள்கிறதா? மூன்று மாதம் பயிற்சி. சென்னை, பெங்களூரு இரண்டிலும் பால்ரூம் நடனம் சொல்லித்தருகிறவர்கள் உண்டு. மகன் வீட்டுக்குப் போகும் வார இறுதிகளில் இரண்டு வகுப்பு, மீதி நாள் வீட்டுக் கூடத்தில் தகிட.

இந்த இரண்டிலும் தேறி, ஆசையும் குறையாமல் இருந்தால், தயங்காமல் பால்ரூம் உள்ள கப்பலில் ஒரு வாரம் போகலாம். பணம் அவ்வளவு இடம் கொடுக்கவில்லை என்றால், சிங்கப்பூரிலிருந்து போகும் பயணங்களில் ஒரு ஃபார்மல் இரவாவது இருக்கும் கப்பலைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே வால்ட்ஸ் வாசிக்காமலும் போகலாம், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால், பெரிய கப்பல், பெரிய விலை, பால்ரூம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்த கப்பலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான்.

சோதனையில் தேறாவிட்டாலும் எதுவும் வீணாகாது. முப்பது வருடம் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, படுத்து, காலையில் எழுந்து ஓடிய ஒரு மனிதர், மூன்று மாதமாகச் சாயங்காலம் அரை மணி நேரம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ஏங்க, இடது கால்..." என்று அந்த அம்மா சொல்லித்தருகிறார். அவர் குனிந்து பார்க்கிறார். அவர் பார்ப்பது காலை அல்ல, ஷூவை. தையல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முப்பது வருடப் பழக்கம்.

"கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்கிறார் அம்மா.

வால்ட்ஸின் முதல் விதியும் அதுதான்.